பால் நேரம்

செவலை ஆட்டின் மடி வற்றியிருந்தது.

அனோஜா பட்டிக்குள் குனிந்து இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். காலையில் திறந்துவிட்டபோது கல்லாய்க் கனத்திருந்த மடி, இப்போது நனைந்த துணிப்பை மாதிரி தொங்கியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்து அலுத்துப்போய், தாயை விட்டுவிட்டு அனோஜாவின் பாவாடை நுனியைச் சப்பத் தொடங்கியது. பட்டியில் எப்போதும் இருக்கிற ஈரக் கம்பளி வாடைக்கும் புழுக்கை வாடைக்கும் நடுவில் இன்னொரு வாடையும் இருந்தது. அப்போதுதான் தோண்டிய பச்சை மண்ணின் வாடை. அது ஆடுகளின் வயிற்றுப் பக்கம், மடியை ஒட்டி வீசியது.

குட்டி போட்டிருந்த மற்ற இரண்டு ஆடுகளுக்கும் இதே கதைதான். யாரோ மலையில் வைத்துக் கறக்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே சிரிப்பும் வந்தது. டயகமப் பக்கம் செம்மறிப் பாலைச் சும்மா கொடுத்தால்கூடக் குடிக்க ஆள் கிடையாது.

ஆனால் அந்தச் சிரிப்பு லயத்து வீட்டு வாசல் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. உள்ளே தூளியில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். தூக்கி மாரோடு அணைத்தாள். பாப்பா நாலு வாய் இழுத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏமாந்த குரலில் மறுபடியும் வீறிட்டாள். காலையில் ரவிக்கை நனைகிற அளவுக்குப் பால் இருக்கிறது. பிற்பகல் தூங்கி எழுந்தால் சொட்டுக்கூட இல்லை. போன கிழமை மிட்வைஃப் மிஸ் பாப்பாவைத் தராசில் போட்டுவிட்டு, "ஒழுங்கா பால் குடுக்கிறீங்கதானே?" என்று கேட்ட கேள்வி முள்ளாய் உள்ளே நின்றது. பிள்ளை இளைக்கிறாள். அதைவிட வேறு பயம் ஒரு தாய்க்கு என்ன இருக்கிறது?

அவள் பொகவந்தலாவையிலிருந்து கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். கணவன் சுகந்தனுக்கு பெக்டரியில் வேலை. அவன் அப்பா விட்டுப்போன செம்மறிகளை, பிரசவத்துக்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டிலிருந்த அனோஜாதான் பார்த்துக்கொண்டாள். முன்பெல்லாம் ஆடுகளின் பின்னாலேயே ஓட வேண்டும். ஆடு வளர்ப்புத் திட்டம் ஒன்றிலிருந்து வந்த துஷாந்த், ஆடுகளின் கழுத்து மணிகளைக் கழற்றிவிட்டு, தீப்பெட்டி அளவுக் கருவி வைத்த பட்டைகளை மாட்டினான். பெக்டரிக் கூரையில் ஓர் ஆன்டெனாவை நட்டான். அதன் பிறகு எந்த ஆடு எங்கே மேய்கிறது என்பது போனிலேயே பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. கைக்குழந்தைக்காரிக்கு அது பெரிய ஆறுதல்.

"ஒன்னு உதிரியா இருக்குக்கா. ஏதாச்சும் அறுந்து போனா மாத்திக்குங்க" என்று இன்னொரு கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

மணி இல்லாத மந்தை பனிமூட்டத்துக்குள் ஓசையில்லாமல் போய், ஓசையில்லாமல் வந்தது. அது மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாப்பாவை மடியில் போட்டு ஆட்டியபடி போனைத் திறந்து, ஆடுகள் நடந்த தடங்களைப் பார்த்தாள். மந்தை முழுவதும் ஓடைக்கரை மானாப்புல்லில் சிதறிக் கிடந்தது. தாய் ஆடுகள் மூன்றும் மட்டும் பிற்பகலில் தனியாகப் பிரிந்திருந்தன. ஏற்றத்தில் ஏறி, சரிவுக்கு மேலே போய், பக்கம் பக்கமாக நின்றிருந்தன. மேயவில்லை, மேய்கிற ஆட்டின் தடம் கிறுக்கலாக இருக்கும். இவை ஒரே இடத்தில் அசையாமல் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தன. முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

சுகந்தன் வந்ததும் போனை நீட்டினாள். தேயிலைத் தூள் படிந்த முகத்தை அவன் துடைக்கக்கூட இல்லை, பார்த்தபடியே நின்றான்.

"அந்தச் சரிவுப் பக்கம் ஆட்ட விடாத, அனோ."

"ஏங்க? என்ன இருக்கு அங்க?"

"ஒன்னுமில்ல இப்ப. முந்தி புள்ளக்காம்பரா இருந்திச்சி."

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஸ்கூல் போற காலம். மூணு நாளா மழ. பால் குடுக்குற நேரம்னு கைப்புள்ளக்காரிங்கள மலையிலேருந்து எறக்கி விட்டாங்க. பாதி வழியில வந்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க பாத்துக்கிட்டு இருக்கையிலயே மண்ணு வந்து காம்பராவ மூடிருச்சி." போனைத் திருப்பிக் கொடுத்தான். "எல்லாரையும் தோண்டி எடுக்க முடியல."

அந்தப் பால் நேரம் எது என்று அவள் கேட்கவில்லை. போனிலேயே தெரிந்தது.

மறுநாள் தாய் ஆடுகளை வெளியே விடவில்லை. பட்டியிலேயே கட்டிப்போட்டு, புல் அறுத்துக் கொட்டினாள். பிற்பகலில் மூட்டம் லயத்துக் கூரையில் இறங்கியது. சாப்பிட்ட மயக்கம் வழக்கம்போல் கண்ணை அழுத்த, பாப்பாவை அணைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தாள். தூக்கத்தில் எங்கோ மூன்று ஆடுகளும் ஒன்றாகக் கத்துவது கேட்டது. கயிறு முறுகுகிற சத்தமும் கேட்டது.

விழித்தபோது பாதம் இரண்டும் பனியாய்க் குளிர்ந்திருந்தன. இந்த நாட்களில் எப்போதும் அப்படித்தான். பனிக்காலம் என்று விட்டுவிடுவாள். பாப்பா தூளியில் அழுதாள். தூளியிலா? பாயில் பக்கத்தில்தானே போட்டுக்கொண்டு படுத்தாள்? மார் இரண்டும் வெறுமையாய்த் துவண்டிருந்தன.

பட்டிக்கு ஓடினாள். கட்டிய இடத்திலேயே நின்ற ஆடுகளின் மடிகள் நிறைந்திருந்தன. குட்டிகள் வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தன. மனசு லேசானது. சனியன் தொலைந்தது என்று வாய்விட்டே சொன்னாள். சந்தோஷத்தில் போனைத் திறந்தாள். மூன்று பச்சைப் புள்ளிகளும் பட்டிக்குள்ளேயே இருந்தன.

சரிவின் மேலே ஒரு தடம் இருந்தது.

இன்றைய தடம். கீழே சாம்பல் நிறத்தில் 'உதிரி' என்று போட்டிருந்தது. எந்த ஆட்டின் கழுத்திலும் இல்லாத அதை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அந்தத் தடம் லயத்திலிருந்து புறப்பட்டு, நேராக ஏற்றம் ஏறி, ஆடுகள் நின்ற அதே இடத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு, திரும்பி வந்திருந்தது. லயத்துக்கு. அங்கிருந்து பட்டிக்கு. புள்ளி இப்போது பட்டி வாசலில் நின்றது.

பட்டி வாசலில் அவள்தான் நின்றாள்.

போட்டிருந்த சுவெட்டரின் பைக்குள் கையை விட்டாள். தீப்பெட்டி அளவில், குளிர்ந்து, ஏதோ விரலில் தட்டுப்பட்டது. குனிந்து செருப்பைப் பார்த்தாள். விளிம்பு முழுக்கச் சிவப்பு மண். காயாத மண்.

பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். துஷாந்த் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் அந்தத் தடம் இருந்தது. ஆடுகள் போவதற்கு முன்பே இருந்தது. ஆடுகள்தான் அவள் பின்னால் போயிருக்கின்றன.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இசபெல் அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சுக் குறைந்த மனுஷி. ஆனால் பாப்பா என்றால் உயிர். அனோஜா போய் முன்னால் நின்றாள்.

"தெரிஞ்சிருச்சா?" என்றாள் இசபெல், நிமிராமல்.

"நான் எங்கக்கா போறேன்?"

"நீ எந்திரிச்சிப் போவ. கண்ணு தொறந்துதான் இருக்கும். கூப்பிட்டா கேக்காது. பாப்பா அழுவா. நான் வந்து தூளியில போட்டு ஆட்டிக்கிட்டு இருப்பேன்."

"எம்புள்ள எளைக்கிறாக்கா! பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சொல்லல?"

இசபெல்லின் விரல்கள் கீரைத் தண்டில் நின்றன. "எம் மூத்தவன் அங்கதான் இருக்கான். அன்னிக்கி நான் பாதி வழியில நின்னேன், மாருல பாலு கட்டிக்கிட்டு. அவனுக்குன்னு ஊறுன பாலு, பீச்சி மண்ணுலதான் ஊத்துனேன்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் வெட்கமும் இருந்தது, ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது. "உம்புள்ளைக்கி நாளைக்கும் குடுக்கலாம். அதுங்களுக்கு யாரு இருக்கா?"

அனோஜாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சுகந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செருப்பைப் பார்த்தான், போனைப் பார்த்தான், கடைசியில் பாப்பாவின் மெலிந்த தொடையைப் பார்த்தான். மறுநாள் பெக்டரிக்குப் போகும்போது, அவள் கேட்டபடியே, கதவை வெளியிலிருந்து பூட்டினான்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. அந்தி பட்டதும் ஓடி வந்துர்றேன்."

"இசபெல் அக்கா கேட்டாலும் குடுத்துறாதீங்க."

"குடுக்க மாட்டேன். பயப்படாத."

மதியம் அவள் சோறு சாப்பிடவில்லை. வயிறு காய்ந்தால் தூக்கம் வராது என்று நினைத்தாள். கறுப்பாய் பிளேன்டீயைப் போட்டுக் குடித்தாள். மாதா படத்தின் முன்னால் உதிரிக் கருவியை வைத்தாள். பாப்பாவைத் தூளியில் போட்டாள். கையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூட்டம் வந்து ஒட்டியது. அறை சாம்பல் நிறமானது. கூரைத் தகரத்தில் நீர் சொட்டுகிற சத்தம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தது.

மாரில் குத்தல் எடுத்தது. பால் தானாக ஊறி ரவிக்கை நனைந்தது.

நேரமாகிவிட்டது.

பட்டியில் ஆடுகள் மூன்றும் கத்தத் தொடங்கின. கால்கள் தாமாக எழுந்தன. கதவு வரைக்கும் போனாள். தள்ளினாள். பூட்டு குலுங்கியது. மறுபடியும் தள்ளினாள். தகரம் அதிர்ந்தது. கதவில் நெற்றியை வைத்து நின்றாள். மெல்ல மெல்லப் புத்தி திரும்பியது. கதவு திறக்கவில்லை. அவள் போகவில்லை. இன்றைக்குப் பால் பாப்பாவுக்குத்தான்.

போனைப் பார்த்தாள். ஆடுகள் பட்டியில். உதிரி வீட்டுக்குள். சரிவில் ஒன்றுமே இல்லை. வெற்று மலை. பாயில் போய்ச் சாய்ந்தாள்.

ஆடுகள் கத்துவதை நிறுத்தின. மூன்றும் ஒரே சமயத்தில்.

கதவில் ஏதோ தட்டியது. கீழே, தரையை ஒட்டி. மெத்தென்ற தட்டல். பூனையாக இருக்கும். பூனைதான். கண்ணை இறுக்கி மூடினாள். கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

வாய் ஒன்று மாரில் பற்றியது. பாப்பா! எப்போது எடுத்தாள், நினைவில்லை. எடுத்தால் என்ன, பிள்ளை குடிக்கிறாள்! இதுவரை இல்லாத பலத்தோடு, மடக் மடக்கென்று இழுத்துக் குடிக்கிறாள். அனோஜாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. "குடி கண்ணு. எல்லாம் ஒனக்குத்தான். நல்லாக் குடி" என்று முனகினாள். தலையை வருடிக் கொடுத்தாள். முடி நனைந்திருந்தது. விரலில் நறநறவென்று ஏதோ ஒட்டியது. வாய் ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது?

பச்சை மண் வாடை.

தூளிக் கயிறு கிறீச்சிட்டது. தூளிக்குள் பாப்பா அழுதாள்.

அனோஜா கீழே குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண் மட்டும் கதவுப் பக்கம் போனது. கதவின் அடியிலிருந்து பாய் வரைக்கும் சிமெந்துத் தரையில் சிவப்பு மண். சின்னச் சின்ன உள்ளங்கைகள். முழங்கால்கள் இழுபட்ட கோடுகள். ஒரு பிள்ளையின் தடம் மட்டுமில்லை. நிறைய.

இன்னொரு வாய் மறு மாரைத் தேடிப் பிடித்தது. பாயைச் சுற்றி மற்றவை ஊர்ந்து வந்து, முறைக்காகக் காத்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் இசபெல் தாலாட்டத் தொடங்கினாள். தூளியில் பாப்பா பசியில் அழுதுகொண்டேயிருந்தாள். சாவி பெக்டரியில், சுகந்தனின் சட்டைப் பையில் இருந்தது.