கெண்டைக்காலில் சத்தம் இல்லை

நேற்று டிக் டிக்கென்று கத்திய பெட்டி, இன்று சின்னக்கருப்பனின் கெண்டைக்காலில் வாயே திறக்கவில்லை.

டாக்டரம்மா பெட்டியோடு கம்பியால் இணைந்த குழலைத் துடைத்து, நேற்று அவரே நீல மையால் போட்ட புள்ளிமேல் மறுபடி வைத்தார். ஆஸ்பத்திரி ஓட்டில் ஐப்பசி மழை சொட்டியது. இருட்டிக்கொண்டு வந்த சாயங்கால வார்டில் பெட்டியின் முள் அசையாமல் கிடந்தது. கட்டிலருகே நின்ற மலையாண்டி, பினாயில் நெடியை மீறி வேப்பெண்ணெய் நாறிய தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வெங்காய மூட்டை விழுந்து முழங்கால் நொறுங்கி, பன்னிரண்டு நாள் படுத்ததில் சின்னக்கருப்பனின் காலுக்குள் ரத்தம் கட்டிவிட்டது. அந்தக் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தை ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ஒட்டிய இடத்தில் பெட்டி சத்தம் போடும்.

"கரைஞ்சிருச்சு போல மாப்ள," சின்னக்கருப்பன் சிரித்தான். "மண்டிக்கு வாரேன்னு சொல்லு. அம்புட்டு மூட்டையையும் நீ ஒருத்தனே தூக்கிப் பேர் வாங்கிராத."

"யாராச்சும் காலைப் பிடிச்சு விட்டீங்களா? கட்டி நகர்ந்து நெஞ்சுக்கு ஏறினா மூச்சை அடைச்சிரும்," என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்கம்மா," என்றான் மலையாண்டி.

மண்டியில் வேலை முடிந்தால் ஒருத்தன் காலை ஒருத்தன் நீவிவிடாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இன்று மத்தியானம் சின்னக்கருப்பன் அசந்து தூங்கும்போது, மலையாண்டி வேப்பெண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, கட்டைவிரலை ஆழ அழுத்தி நீவியிருந்தான். விரலுக்கடியில் கல் மாதிரி ஒன்று நழுவி மேலே ஓடியது. சுளுக்கு விட்டது என்று சந்தோஷப்பட்டான்.

குழல் தொடைக்கு ஏறியது. டிக். இடுப்போரம். டிக் டிக்.

"மாப்ள, மூச்சு..."

சின்னக்கருப்பனின் உதடு கறுத்தது. மலையாண்டியின் இடது மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். இறுக்கினான். பிறகு விட்டான்.

டாக்டரம்மா வெகுநேரம் நெஞ்சை அமுக்கினார். கடைசியில் போர்வையால் முகத்தை மூடி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு வெளியே போனார்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மலையாண்டி குழலை எடுத்துப் பிணத்தின் நெஞ்சில் வைத்தான். சத்தமில்லை. இடுப்பு. தொடை. எங்கேயும் இல்லை.

தன் இடது மணிக்கட்டில் வைத்தான்.

டிக்.

கையை உதறினான். மணிக்கட்டில் சத்தம் நின்றது. குழலை நகர்த்தினான். முழங்கையில் கேட்டது.

புஜம். டிக் டிக்.

தோள்.

கத்த வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. கட்டிலைப் பார்த்தான்.

போர்வைக்கு வெளியே சின்னக்கருப்பனின் கை கிடந்தது. அதன் கட்டைவிரல் மெத்தையை ஆழ அழுத்தி, மெதுவாக, மேல்நோக்கி நீவிக்கொண்டிருந்தது.