நாற்பது கிராம் கூடுதல்

ஒரு கிலோ கோதுமையை அரைத்தால் ஒரு கிலோ மாவு முழுசாகக் கிடைத்துவிடாது. கொஞ்சம் கல்லில் ஒட்டும், கொஞ்சம் காற்றில் பறக்கும், கொஞ்சம் அரைப்பவளின் மூக்கில் ஏறும். மருந்துக்கடையில் பதினோரு வருடமாக நிறுத்துப் பொட்டலம் கட்டியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று காலை அவள் வீட்டு மாவு மிஷினில் கொட்டியது சரியாக ஒரு கிலோ. அடியிலிருந்த டப்பாவில் விழுந்தது ஒரு கிலோ நாற்பது கிராம்.

தராசைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி நிறுத்தாள். அதே நாற்பது.

கணவன் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, எலும்பும் தோலுமாக உள்ளறையில் படுத்திருந்தான். அவன் உடம்பு தேற வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கடை மாவில் எவன் எதைக் கலக்கிறானோ, இனி இவன் வாய்க்குள் போவதெல்லாம் என் கையால் அரைத்ததாகத்தான் இருக்கும் என்று ஒற்றைக்காலில் நின்று மிஷின் வாங்கினாள். இரும்புத் தகடு வைத்தது மாவைச் சூடாக்கும். கல் வைத்தது நிதானமாக, குளிர்ச்சியாக அரைக்கும். கல் வைத்ததில் நல்லதாக ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. கூட வந்த நாத்தனார் ஒரு துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள். இதற்கு மட்டும், "நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கோ" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அன்றைக்கு அது நல்ல மனசாகத் தெரிந்தது.

தம்பியைக் கவனிக்க வந்த நாத்தனார் மூன்று வாரமாக இந்த வீட்டில்தான் இருந்தாள். "இவன் இங்க தேற மாட்டான், என் வீட்டுக்கு அனுப்பிடு" என்று இரண்டு தடவை சொல்லியும் இருந்தாள். தேறாமல் இருந்தால்தானே அனுப்ப முடியும்? மாவில் எதையோ கலக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

மறுநாள் அரைத்து முடித்து, மிஷினின் வாயைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, "குளிச்சிட்டு வரேன் அண்ணி" என்றாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெறுங்காலுடன் திரும்பி வந்து, சமையலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்தாள். மூடியிருந்த கையை மிஷினின் வாய்க்குள் விட்டுத் திறந்தாள்.

"என்ன போட்டீங்க?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோதுமைதான்மா. நம்ம டப்பால இருந்து ஒரு கைப்பிடி."

"எதுக்கு?"

"அதைக் காலியா விடக் கூடாது. வாங்கின அன்னைக்கு ஓடுதான்னு சும்மா ஓட்டிப் பார்த்தேன். வெறும் கல்லுதான் சுத்துது. ஆனா அடியில மாவு விழுது." புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தாள். மோதிர விரல் மட்டும் குழந்தையின் விரல்போல மெலிந்திருந்தது. காயம் இல்லை, வீக்கம் இல்லை. மோதிரம் கழன்றுவிடாதபடி நூல் சுற்றியிருந்தது. "அன்னைக்கே இப்படி ஆச்சு. சொன்னா நம்புவியா நீ?"

அவளுக்குக் கோபம் வந்தது. பிடிபட்டதும் எப்படி ஒரு கதை கட்டுகிறாள்!

"அவர் பொழச்சு எழுந்திரிக்கணும் அண்ணி. இந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்க கிளம்புங்க."

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் மட்டும், "ஒரு கைப்பிடி போதும்மா" என்றாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள் அவள்.

பிறகு அந்தக் கைப்பிடியை ஸ்பூனால் தோண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒரு கிலோ அரைத்தாள். தொள்ளாயிரத்து எண்பது கிராம். கணக்கு சரி. அப்பாடா என்றிருந்தது. மிஷினைக் கழற்றி, கல்லின் இடுக்கில் மாட்டியிருந்த ஒற்றைக் கோதுமையைக்கூட ஊக்கால் நெம்பி எடுத்து, மறுபடி பூட்டி, வயரைச் சுருட்டி அதன் மேலே வைத்தாள். கணவன் கஞ்சியைக் குடித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் தரையில் விழுந்திருந்தது. எங்கோ கல் சுற்றும் சத்தம், முதலில் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் மந்தமாக, பிறகு சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் நெருக்கமாக, கூடவே புது மாவின் வெதுவெதுப்பான வாசனையும் வந்தது. நாத்தனார் திரும்பி வந்துவிட்டாளா? வாசல் கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

சமையலறையில் யாரும் இல்லை.

வயர் சுருட்டியபடி மேலேயே இருந்தது. கல் சுற்றியது.

டப்பாவை இழுத்தாள். பாதிக்கு மேல் மாவு. கோதுமை மாவைவிட வெள்ளை. விரலால் தொட்டாள். உள்ளங்கைச் சூடு.

கோதுமை டப்பாவைத் தூக்கி அப்படியே வாய்க்குள் கவிழ்த்தாள். கைப்பிடி இல்லை, டப்பா முழுக்க. கோதுமை மேலேயே நின்றது. ஒரு மணிகூட உள்ளே இறங்கவில்லை. மாவு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

"என்னங்க!"

"ம்... என்ன?" உள்ளறையிலிருந்து தூக்கக் கலக்கமான குரல்.

இருக்கிறார். உயிர் வந்தது அவளுக்கு. ஓடினாள்.

கணவன் மல்லாந்து படுத்திருந்தான். கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. இத்தனை தெளிவாக அவன் முகத்தைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

"நல்லாப் பசிக்குது. இன்னும் கொஞ்சம் கஞ்சி இருக்கா?"

கழுத்துவரை போர்த்தியிருந்தான். நெஞ்சு இருக்கும் இடத்தில் போர்வை மேடாக இருந்தது. அதற்குக் கீழே கால்மாடு வரைக்கும் மெத்தையோடு மெத்தையாகப் படிந்து கிடந்தது.

சமையலறையில் கல் நிற்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க அந்த மேடும் மெல்ல இறங்கியது.

"இருக்கா?" என்று கேட்டான் அவன், சிரித்த முகமாக.