நாடாவின் மறுமுனை

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அந்த வீட்டைக் கட்டி முந்நூறு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் அளந்து வரைபடம் போடாவிட்டால் அப்படியொரு வீடு இருந்ததற்கே சாட்சி இருக்காது. அதனால்தான் பழைய வீடுகளை அளந்து பதிவு செய்யும் யூனிஸ் கொட்டும் பனியையும் பாராமல் வந்து சேர்ந்தாள்.

"தனியாவா வந்தீங்க?" சாவியை நீட்டினார் வீட்டுக்காரர் ஹைரம். "உங்க கணவர் வாரன் எங்க? அளவு நாடாவோட ஒரு முனை எப்பவும் அவர் கையிலதானே இருக்கும்?"

"அவர் இறந்து ரெண்டு வருஷமாச்சு."

ஹைரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, தெரியாம கேட்டுட்டேன். சரி, நான் வண்டியிலயே இருக்கேன். உள்ள மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா, எனக்கு இன்னும் உயிர் மேல ஆசை இருக்கு."

பெரிய செங்கல் புகைபோக்கிக்குப் பின்னால் நீளமான சமையலறை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். மறுகோடி இருட்டாக இருந்தது. யூனிஸ் நாடாவின் முனையை அங்கே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, சுருளைப் பிடித்தபடி இந்தப் பக்கம் நடந்து வந்தாள். வந்து சேர்வதற்குள் முனை கழன்று விழும். மறுபடி போய் மாட்ட வேண்டும். இரண்டு வருடமாக இதே பாடுதான்.

இன்றும் விழுந்தது.

பிறகு, தானாக எழுந்தது.

விறைப்பாக நின்று இரண்டு முறை லேசாகச் சுண்டியது. 'பிடிச்சுட்டேன், அளவைப் படி' என்பதை வாரன் அப்படித்தான் சொல்வார்.

"வாரன்?"

நாடாவைப் பார்த்தாள். இருபத்திரண்டு அடி. கண்ணில் நீர் முட்ட எழுதிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது மறுமுனை நெருங்கி, நாடா பதினாறு அடி காட்டியது.

பத்து.

புதிதாக அறுத்த மரத்தின் வாசனை வந்தது. வாரன் மேல் ஒருநாளும் அந்த வாசனை அடித்ததில்லை. நாடாவைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் விடவில்லை.

மூன்று.

சில்லென்று ஏதோ குதிகாலில் தொட்டு உச்சந்தலைவரை ஏறியது. பிறகு ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குப் போனது.

அலறியடித்து வெளியே ஓடி வந்தவளை ஹைரம் தாங்கிப் பிடித்தார்.

"உள்ள யாரு?" என்றாள்.

"கட்டின தச்சன் இன்னும் இருக்கான்னு ஊர்ல சொல்லுவாங்கம்மா. அந்தக் காலத்துல வீடு கட்டறதும் சவப்பெட்டி செய்யறதும் ஒரே ஆளுதான்."

அவள் கையிலிருந்த குறிப்பேட்டில், 'சமையலறை, இருபத்திரண்டு அடி' என்பதற்குக் கீழே, அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

'ஐந்தடி மூன்று அங்குலம். தோள், பதினாறு அங்குலம்.'

பலகை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் யாரோ மரம் இழைக்கத் தொடங்கினார்கள்.