பின் சீட்டை வெட்டிய வண்டி

இப்போதெல்லாம் யாருக்கும் பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொள்ளப் பிடிப்பதில்லை. இரண்டு பேர் போன நல்ல பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கி, பின் சீட்டைத் தாங்கும் வாலை நறுக்கி, ஒற்றைச் சீட்டு வைத்து, படம் எடுத்து நெட்டில் போடுகிறார்கள். அமெரிக்காவில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்தில் டிராய் என்பவன் பட்டறையில் அப்படி வெட்டிப் பற்றவைக்கிற வேலை எனக்கு.

அப்படித்தான் ஒரு ஹோண்டாவை வாங்க அவனோடு நானும் போனேன். ஓர்வில் என்ற கிழவனின் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதன் பின் சீட்டிலிருந்து விழுந்துதான் தன் மனைவி இங்க்ரிட் செத்தாள் என்று அவனே சொன்னான்.

“எதை வேணா மாத்திக்க தம்பி. பின் சீட்டுல மட்டும் கை வைக்காத. அவ இன்னும் எறங்கல.”

“அப்ப ரெண்டு ஹெல்மெட் வாங்கணும்,” என்றான் டிராய்.

ஓர்வில் சிரிக்காமல் சாவியைக் கொடுத்தான்.

மறுவாரம் நான் வாலை வெட்டினேன். வெட்டியது இரும்பு, வந்ததோ முடி கருகும் வாடை. பழைய பஞ்சு எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கட்டி முடித்ததும், பட்டறைக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில் டிராய் ஓட்டிப் பார்த்தான். நல்ல வெயில். ஒரு சுற்று வந்து நிறுத்தினான்.

“பெருசு, யாரோ இடுப்பக் கட்டிப் பிடிக்கிறாங்க.”

சட்டையைத் தூக்கினான். வயிற்றில் பத்து விரலும் பதிந்திருந்தன.

“பெல்ட்ட இறுக்கிப் போட்டிருப்ப. எறங்குடா, அப்புறம் பாக்கலாம்.”

“நான் கட்டுன வண்டிக்கு நானே பயப்படவா? இன்னொரு ரவுண்டு.”

போனான்.

வளைவில் திரும்பும்போது அவன் தோல் சட்டை இடுப்பில் சுருங்கியது.

சுருக்கம் மேலே ஏறியது.

பின்னால் உட்கார இடமில்லை. நான்தான் வெட்டிவிட்டேனே. வழுக்கி வழுக்கி, பிடியை மாற்றி மாற்றி ஏறியது. வயிறு. நெஞ்சு. விலா எலும்புகள் முறிவது எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

அப்புறம் கழுத்து.

வண்டி என் பக்கமாக வந்தபோது ஹேண்டில்பாரைப் பிடித்தேன். என்னைத் தூக்கி எறிந்தது. இரண்டு பல் போயிற்று.

“ஒட்டிடு பெருசு… வெட்டினத ஒட்டிடு…”

அவன் தலை பின்பக்கம் மடங்கியது. மடங்கிக்கொண்டே போனது. விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம். அவன் ரத்தம் என் முகத்தில் சூடாகத் தெறித்தது. வண்டி அவனையும் இழுத்துக்கொண்டு போய் பட்டறைச் சுவரில் முட்டி அணைந்தது.

கழுத்தில் சுற்றிய மஃப்ளர் சக்கரத்தில் சிக்கியிருக்கும் என்றது போலீஸ். அவன் மஃப்ளர் போட்டிருக்கவில்லை.

எல்லாம் பார்த்து முடித்ததும் வண்டியை உள்ளே வைக்கச் சொன்னார்கள். தள்ளினேன். காலி வண்டிதான், ஆனால் பின் டயர் ஆள் ஏறியதுபோல அமுங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன். காற்று குறையவில்லை, டயர் கல்லாக இருந்தது.

பழைய டயர், அப்படித்தான் இருக்கும். பேய் பிசாசெல்லாம் ஓர்வில் மாதிரி ஆட்களுக்கு. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

தெருமுனையில், என் கோட்டின் இரண்டு பக்கமும் இடுப்பருகே யாரோ மெல்லப் பிடித்ததுபோல இருந்தது.

எதிரே பெட்ரோல் பங்கில் கொடி அசையாமல் தொங்கியது.

இருக்கட்டும். ஏரிக் காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.