பதறாத ரத்தம்

டிரிப் பாட்டிலில் பாதி மருந்து மீதமிருந்தது.

மருந்துக் கம்பெனி முதலாளியின் உயிர்தான் மீதமில்லை.

குளிரில் உதறி, ரத்த அழுத்தம் சரிந்து, கிளினிக் கட்டிலிலேயே முடிந்துபோனார். பக்கத்துக் கட்டிலில், அதே சத்து மருந்தை ஏற்றிக்கொண்ட அவருடைய மச்சானுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வாரிசில்லாத முதலாளிக்குப் பின் கம்பெனி அவனுக்குத்தான்.

"நர்ஸைப் பிடிங்க மேடம். அழுக்குக் கையோட ஊசி குத்தியிருக்கா. எனக்கு இரும்பு உடம்பு. ஜுரம்னா என்னன்னே தெரியாது... தப்பிச்சேன்," என்றான் மச்சான் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் நர்ஸைப் பார்த்தார். அவள் அழவில்லை. கையுறை அணிந்திருந்ததாகவும், டிரிப் ஏற்றுமுன் வழக்கப்படி இருவரிடமும் ரத்தம் எடுத்து வைத்ததாகவும் மட்டும் சொன்னாள்.

விலங்கு தயாராக இருந்தது.

அப்போதுதான் லேப் டாக்டர் வந்தார். இரண்டு பாட்டில்களிலும் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை என்றார்.

"அப்புறம் எது டாக்டர் கொன்னுது?"

"செத்த கிருமி. கொதிக்க வெச்சா கிருமி சாகும். அதோட மேலுறையில இருக்கற மூலக்கூறு சாகாது. ரத்தத்துல காவல் காக்கற செல்கள் அதைப் பார்த்ததும், படையே வந்துடுச்சுன்னு பதறி, அடங்கிக் கிடந்த ஜீன்களை முடுக்கிவிடும். அந்த ஆவேசம் ஆளையே கொன்னுடும்."

"ரெண்டு பாட்டில்லயும் அது இருந்ததா?"

"சம அளவுல."

மச்சான் புன்னகைத்தான். "இரும்புன்னு சொன்னேனே..."

டாக்டர் அவனைக் கவனிக்கவில்லை. டிரிப்புக்கு முன் எடுத்த ரத்தத்தில் அதே மூலக்கூறைச் சேர்த்துப் பார்த்ததாகச் சொன்னார். முதலாளியின் ரத்தம் கொந்தளித்தது. மச்சானுடையது அசையவே இல்லை. அதை முன்பே சிறிதளவு சந்தித்துப் பழகிய செல்கள், மறுமுறை அந்த ஜீன்களை எளிதில் முடுக்குவதில்லை.

"சமீபத்துல கடுமையான ஜுரம் வந்திருந்தாலும் இப்படி ஆகலாம் மேடம்."

இன்ஸ்பெக்டர் மச்சானிடம் திரும்பினார்.

"ஜுரமே தெரியாதுன்னு சொல்லி அந்த ஒரு வழியையும் நீங்களே அடைச்சுட்டீங்க. சந்தேகம் வராம இருக்கத் தானும் ஏத்திக்கணும். ஏத்திக்கிட்டாலும் சாகக் கூடாது. அதுக்காக அதையே கொஞ்சமா ஏத்தி உடம்பை முன்கூட்டியே பழக்கிட்டீங்க... இல்லையா?"

புன்னகை உறைந்தது.

நர்ஸுக்காகக் கொண்டுவந்த விலங்கு மச்சானின் கையில் பூட்டிக்கொண்டது.

"வக்கீல் வர்ற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

"தாராளமா. உங்க ரத்தமும் வாயே திறக்கலை... அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க!"