புதுக் குப்பியின் முதல் ஊசி

“நீ ஊசி போட்டியா, விஷம் வச்சியா?”

நோயாளியின் கணவன் அன்று நர்ஸிடம் கேட்டது அது. பிறகு அவள் ஊசியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மெத்தைத் தூசியில் வாழும் உண்ணிகளின் சாறுதான் மருந்து. ஒவ்வாமை தீர, அதை வாராவாரம் போட்டுக்கொண்டிருந்த பெண், புதுக் குப்பி திறந்த அன்று, வழக்கமான அளவிலேயே மூச்சடைத்து விழுந்தாள். பிழைத்துவிட்டாள். நர்ஸ் அளவைக் கூட்டிவிட்டதாக நம்பிய டாக்டர், அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

“இந்தப் பேரோட வெளிய போனா வேற எங்கயும் சேர்த்துக்க மாட்டாங்க, சார்,” என்று துப்பறிவாளரிடம் போய் நின்றாள் நர்ஸ்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். கூடவே அலையும் மச்சானுக்கு அவசரம்.

“புதுக் குப்பியில கோளாறு, அத்தான். கம்பெனியப் பிடிப்போம்.”

“பிடிக்கலாம் மாப்ள. முதல்ல செருப்ப மாட்டு.”

டாக்டர் வீட்டின் முன்பகுதிதான் மருத்துவமனை. ஊசி அறையில் பழைய ஃப்ரிட்ஜ் நெஞ்சடைத்தவர்போல இழுத்து இழுத்து இரைந்தது. அவசரம் அத்தானை ஒட்டி நின்றுகொண்டான்.

“சத்தம்தான். குளிர் குறையாது. தினமும் மதியம் நானே பாக்கறேன்,” என்றார் டாக்டர்.

நிதானம் திறந்து பார்த்தார். ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று உருகி ஒரே பாளமாக உறைந்திருந்தன. குப்பிகள் இருந்த அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்து நெளிந்திருந்தது. அறையின் மற்ற சுவிட்சுகளில் தூசி. ஃப்ரிட்ஜின் சுவிட்ச் மட்டும் பளிச்சென்றிருந்தது.

“உங்களுக்கும் இந்த ஒவ்வாமை உண்டா, டாக்டர்?”

“எங்க மூணு பேருக்கும். பொண்ணு இழுப்புலதான் போனா.”

கதவருகே டாக்டரின் மனைவி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

நிதானம் கேட்டுக்கொண்டபடி, கூட வந்திருந்த நர்ஸ் டாக்டரின் கையில் பழைய குப்பியிலிருந்து ஒரு சொட்டும் புதியதிலிருந்து ஒரு சொட்டும் வைத்துக் கீறினாள். சற்று நேரத்தில் புதியது கொசு கடித்ததுபோலத் தடித்தது. பழையது வெறும் தோலாகவே இருந்தது.

“அளவு மாறல,” என்றார் நிதானம். “பழைய குப்பிதான் செத்துப்போச்சு. தண்ணியா கலந்த சாறு வெக்கையில இருந்தா வீரியம் போயிடும். அந்தம்மா இவ்வளவு நாளா போட்டுக்கிட்டது கிட்டத்தட்ட வெறும் தண்ணி. புதுசு ஐஸ் பெட்டியில முழு வீரியத்தோட வந்துது. புதுக் குப்பி திறந்தா அளவக் குறைச்சுத்தானே ஆரம்பிப்பீங்க?”

டாக்டர் தலைகுனிந்தார். “குறைக்கட்டுமான்னு சிஸ்டர் கேட்டாங்க. பழசு நல்லாத்தானே இருக்கு, வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“கரண்ட் போயிருக்கும்,” என்றான் அவசரம்.

“கரண்ட் போனா சுவிட்ச் தேயுமா, மாப்ள? தினமும் யாரோ அணைச்சுப் போடறாங்க.”

“நான்தான்,” என்றாள் டாக்டரின் மனைவி. “எல்லாரும் போனப்புறம் அது பாப்பா மாதிரியே இழுக்குது. அணைச்சாத்தான் அவ தூங்கறா. விடிஞ்சதும் போட்டுடுவேன்.”

‘அவ’ என்றபோது அவள் பார்த்தது பூட்டிக் கிடந்த பக்கத்து அறையை. அவசரமும் அங்கே பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். “அந்தப் புருஷன்கிட்ட நானே போய்ச் சொல்றேன், சிஸ்டர். தப்பு எங்க வீட்டோடதுன்னு. நீங்க வேலைக்கு வந்துடுங்க.”

“உன் மேல பழி விழும்னு தெரியாதும்மா,” என்றாள் அவர் மனைவி.

நர்ஸ் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தன. அவை சூடேறும்வரை பிடித்திருந்துவிட்டு, தன் பையை எடுத்துத் தோளில் மாட்டி, ‘வர்றேன்’ என்று சொல்லாமலே படியிறங்கிப் போனாள்.