வீரை மரத்தில் கட்டியிருந்த குழை

எத்தனை பேப்பர் மாற்றியும் கலாஜினி காயவைத்த அந்த இலைக் குழை காயவில்லை. கூட வைத்து அழுத்திய மற்ற இலையெல்லாம் சருகாகிவிட, இது மட்டும் இப்போதுதான் ஒடித்ததுபோல் பச்சையாய், காம்பில் பால் கசிய, நனைந்த காட்டின் மணத்தோடு பலகைகளுக்கிடையில் கிடந்தது. நேற்று மொட்டாயிருந்தது இன்று விரிந்திருந்தது.

அதே மரத்தைத் தேடி அலையும் தனோஜன்தான். வேறு ஆர்? காய்ந்த மாதிரி ஒன்று இல்லாமல் புது மரத்துக்குப் பெயர் வைக்க ஏலாது. கலாஜினி தோற்றால் பெயர் வைக்கும் உரிமை அவனுக்கு. மரம் நிற்குமிடத்தைக் கண்டுபிடித்து, ஒளித்துவந்து பச்சைக் குழையை மாற்றி வைக்கிறான் கள்ளன்.

அவளுக்கு அந்தக் குழையின் மரம் எங்கே நிற்கிறதென்று தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல். வாகரைக் காட்டு வாசலில், வீரை மரக் கொப்பில் ஆரோ கட்டியிருந்த குழையை அவிழ்த்தெடுத்துவிட்டு, தானே வெட்டியதாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்காரி தெய்வமணியிடம் மெல்லக் கேட்டாள். "மாமி, காட்டு வாசல்ல ஏன் குழை கட்டுற?"

"அது நம்மட இடமில்லத்தானே மகள். உள்ளுக்கு வாறன், கோவிக்காதயெண்டு கும்பிட்டுக் கட்டிப்போட்டுத்தான் கால் வைக்கிற. கட்டினத ஆரும் தொடுறல்ல."

தெய்வமணி போனதும் கலாஜினி கதவைப் பூட்டினாள். பலகைகளை வாரால் இறுக்கித் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். இனி மாற்றட்டும் பார்ப்போம்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கும், களப்பிலிருந்து வரும் சேற்று மணத்துக்கும் நடுவில், கட்டிலுக்கடியில் பேப்பர் மெல்லக் கசங்கியது.

போனை எடுத்தாள். "தனோஜன், எங்க நிக்கிறாய்?"

"மட்டக்களப்பில. ஏன்?"

பொய். ஆனால் அவனுக்குப் பின்னால் மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட் கொண்டக்டர் கல்முனை, கல்முனை என்று கூவுவது கேட்டது. பொய்யில்லை.

டோர்ச்சை அடித்துப் பலகையை வெளியே இழுத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தாள். பேப்பர் சொதசொதவென்று நனைந்திருந்தது.

குழை இல்லை.

தெய்வமணி வீட்டுக்குப் போய்விட வேண்டும். திறப்பைத் தடவி எடுத்தாள். கதவைத் திறந்து விறாந்தையில் கால் வைத்தாள். நெற்றியில் ஏதோ ஈரமாய்த் தட்டியது.

டோர்ச்சை உயர்த்தினாள்.

வாசல் நிலையில், வெளிப்பக்கம், அந்தக் குழை. பூத்து. கட்டியபடி.

வெளிச்சம் தானாகவே கீழே இறங்கியது. சீமெந்தில் சேற்றுக் கால் தடங்கள். வாசற்படியைத் தாண்டி உள்ளே போனவை மட்டும்.

காட்டு மணம் இப்போது அவள் பின்கழுத்துக்குக் கிட்டவிருந்து வந்தது.